கம்பியா, அலைனரா? எலும்பைக் கேட்டு முடிவெடுங்கள்

முன்பல் துருத்துகிறது, தெத்துப்பல் இருக்கிறது என்று நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ ஒரு பல் மருத்துவரிடம் போனால், மேசைமேல் மூன்று மாதிரிகளை எடுத்து வைப்பார்கள்: உலோகக் கம்பி, பல் நிறத்தில் செராமிக் கம்பி, கண்ணாடிபோல் தெரியும், கழற்றி மாட்டும் பிளாஸ்டிக் தகடான அலைனர். வீட்டுக்கு வந்ததும் வாக்குவாதம் தொடங்கும். கல்யாணத்துக்கு ஆறு மாசம்தான் இருக்கு, கம்பி போட்டோவில் தெரியுமே என்பார் அம்மா. பிளாஸ்டிக்குக்கு இவ்வளவு காசா என்பார் அப்பா. கம்பி போட்டால் வேர் தேய்ந்து பல் ஆடும் என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்லிவிட்டுப் போவார்.

இந்தப் பேச்சு முழுவதிலும் தாடை எலும்பு வராது. எதைப் போடலாம் என்பதற்கான பாதி விடை அதனிடம்தான் இருக்கிறது.

## எதை வைத்து எடைபோடுவது

1. எந்தப் பல், எந்தப் பக்கம், எத்தனை மில்லிமீட்டர் நகர வேண்டும்?
2. போய் நிற்கும் இடத்தில் எலும்பு இருக்கிறதா? ஈறு எந்த நிலையில் இருக்கிறது?
3. நாளுக்கு 22 மணி நேரம் ஒரு பொருளை வாயில் வைத்திருக்கும் ஆளா நீங்கள்?
4. கிளினிக்குக்கு மாதாமாதம் வர முடியுமா?
5. சிகிச்சை முடிந்த பிறகு ஆகும் செலவையும் சேர்த்தால் மொத்தம் எவ்வளவு?

வெளியே தெரியுமா என்பதை ஆறாவதாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு கேள்விகளில் தவறினால் ஈறு இறங்கி, பல் நீண்டு, வேர் வெளியே தெரியும். அழகுக்காகச் செய்த செலவு அதோடு வீண்.

## எலும்புக்குள் நடப்பது

பல்லை எலும்பில் சிமெண்ட் வைத்து நட்டிருக்கவில்லை. வேருக்கும் எலும்புக்கும் நடுவே சுமார் 0.2 மி.மீ. இடைவெளி உண்டு. அதற்குள் இருக்கும் மெல்லிய நார்கள்தான் பல்லைப் பிடித்து வைத்திருக்கின்றன. பல்லை ஒரு பக்கமிருந்து மெதுவாகத் தொடர்ந்து அழுத்தினால், அழுந்தும் பக்கத்தில் எலும்பைக் கரைக்கும் செல்கள் வந்து சேரும். எதிர்ப்பக்கத்தில் நார் இழுபட, அங்கே புது எலும்பு படியும். இப்படித்தான் பல் தன் குழியையும் கூட்டிக்கொண்டு நகர்கிறது.

அழுத்தம் அளவுக்கு மீறினால் கதை வேறு. நாருக்குள் ரத்த ஓட்டம் தடைப்பட்டு அந்த இடம் செத்துப்போகும். பல் வாரக்கணக்கில் அசையாது. பிறகு எலும்பு பின்பக்கமிருந்து கரைய ஆரம்பிக்கும். அந்த வேகத்தில் வேரின் நுனியும் கொஞ்சம் கரையும். "சீக்கிரம் முடிச்சுத் தாங்க" என்று மருத்துவரை நெருக்குவது ஆபத்தாவது இங்கேதான். மாதத்துக்கு 1 மி.மீ. என்பதே நல்ல வேகம்.

வேர் தேய்வதைப் பற்றி அக்கா சொன்னது முழுப் பொய் அல்ல. பல்லை நகர்த்திய ஏறக்குறைய எல்லோருக்கும் வேர் நுனி கொஞ்சம் குறுகும். பெரும்பாலானோருக்கு அது 1 முதல் 2 மி.மீ.க்குள் நின்றுவிடும், பல் ஆடாது. நூற்றில் 1 முதல் 5 பேருக்கு மட்டும் 4 மி.மீ.க்கு மேலோ வேரில் மூன்றில் ஒரு பங்கோ போகலாம். அலைனரில் இது சற்றுக் குறைவு என்று ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் அலைனருக்கு வருபவை பெரும்பாலும் லேசான கேஸ்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். "அலைனரில் வேர் தேயவே தேயாது" என்று யாராவது சொன்னால் அது விற்பனைப் பேச்சு. தள்ளுவது நிக்கல் டைட்டானியம் கம்பியா, பாலியூரிதேன் தகடா என்பது எலும்புக்குத் தெரியாது. எவ்வளவு அழுத்தம், எத்தனை மணி நேரம், எந்தத் திசை என்பதே அதற்குக் கணக்கு.

இன்னொன்று. பல்லைத் தாங்கும் எலும்பு வேறு, தாடையின் உடல் வேறு. வளர்ச்சி முடிந்த ஒருவருக்குக் கீழ்த்தாடை பின்தங்கியோ முன்துருத்தியோ இருந்தால், அலைனரோ கம்பியோ பற்களை மட்டும் சாய்த்து அதை ஓரளவு மறைக்கும். தாடை மாறாது. பெரிய வித்தியாசத்துக்கு அறுவை சிகிச்சைதான் வழி. வளரும் பிள்ளைகளுக்கு, பின்தங்கிய கீழ்த்தாடையை முன்னுக்குக் கொண்டுவரும் ட்வின் பிளாக் போன்ற கருவிகளைப் போடும் வயது ஒன்று உண்டு, பெண் பிள்ளைகளுக்கு அது முன்னதாகவே வரும். பத்தாம் வகுப்புப் பரீட்சை முடியட்டும் என்று தள்ளிப்போட்டால் அந்த வாய்ப்பு போயிருக்கும்.

## ஒரே பார்வையில்

| | உலோகக் கம்பி | செராமிக் கம்பி | அலைனர் |
|---|---|---|---|
| லேசான நெருக்கம், சிறு இடைவெளி | நன்று | நன்று | நன்று |
| பல் எடுத்த இடத்தை மூடுவது | நன்று | முடியும், சற்று மெதுவாக | கடினம், பல் சாயும் |
| உருண்ட பல்லைத் திருப்புவது | நன்று | நன்று | பாதியில் நிற்கும் |
| பல்லைக் கீழே இழுப்பது | நன்று | நன்று | பலவீனம் |
| சுத்தம் செய்வது | கடினம் | கடினம் | எளிது |
| பொறுப்பு யார் கையில் | மருத்துவர் | மருத்துவர் | உங்கள் கையில் |
| கிளினிக் வருகை | 4–6 வாரத்துக்கு ஒருமுறை | 4–6 வாரத்துக்கு ஒருமுறை | 6–10 வாரத்துக்கு ஒருமுறை |
| செலவு | குறைவு | நடுத்தரம் | பெரும்பாலும் உலோகத்தைப்போல் இரண்டு மடங்கோ மேலோ |

## உலோகக் கம்பி

பார்க்க அழகில்லை. வேலையில் இதற்கு நிகர் இல்லை. ஒவ்வொரு பல்லிலும் ஒட்டிய பிராக்கெட் என்ற சிறு பிடிப்பானின் பள்ளத்தில் கம்பி உட்கார்ந்திருப்பதால், பல்லின் தலையோடு வேரையும் சேர்த்துத் திருப்ப முடிகிறது. முன்கடைவாய்ப் பல்லை எடுத்தால் சுமார் 7 மி.மீ. இடம் கிடைக்கும். மாதம் 1 மி.மீ. கணக்கில் அதை மூட ஏழு மாதமாவது ஆகும். அந்த ஏழு மாதமும் வேர் நேராக நின்று நகர வேண்டும். தோட்டத்தில் ஊன்றிய கம்பை நுனியில் பிடித்துத் தள்ளிப் பாருங்கள்: நுனி சாயும், அடி மண்ணிலேயே நிற்கும். பல்லும் அப்படித்தான். அடியையும் சேர்த்து நகர்த்த இரண்டு இடத்தில் பிடிமானம் வேண்டும், பிராக்கெட் அதைத் தருகிறது.

இதன் குறை சுத்தத்தில். பிராக்கெட்டைச் சுற்றிச் சாப்பாடு தேங்கி, சரியாகத் தேய்க்காவிட்டால் ஒரு மாதத்துக்குள்ளேயே பல்லின் கடினமான மேல்படலமான எனாமலில் சுண்ணாம்புபோல வெள்ளைத் தழும்பு விழலாம். கம்பியைக் கழற்றிய நாளில்தான் பலரும் அதைக் கவனிக்கிறார்கள். பிராக்கெட்டின் மேலும் கீழும் தனித்தனியாகத் தேய்க்க வேண்டும். கம்பிக்கு அடியில் நுழையும் சின்ன இடைப்பல் பிரஷும், ஃபுளோரைடு பேஸ்ட்டும் கட்டாயம்.

சாப்பாட்டிலும் கட்டுப்பாடு உண்டு. ஏத்தங்காய் சிப்ஸ், முறுக்கு, முந்திரிக்கொத்து மூன்றும் பிராக்கெட்டைப் பெயர்ப்பதில் முதலிடம் பிடிப்பவை. மரச்சீனியும் மீன்குழம்பும் தாராளமாகச் சாப்பிடலாம், முள்ளைப் பார்த்து. மட்டிப்பழம் பிரச்சினையே இல்லை. கரும்பைக் கடிக்கக் கூடாது. கம்பி முனை கன்னத்தில் குத்தினால், கிளினிக் போகும்வரை அவர்கள் தரும் மெழுகைத் துளி உருட்டி முனையில் ஒட்டி வையுங்கள்.

## செராமிக் கம்பி

வேலை செய்யும் விதம் உலோகம்போலவே, நிறம் மட்டும் வேறு. பிராக்கெட்டில் கறை அவ்வளவாகப் பிடிக்காது; அதைக் கட்டும் ரப்பர் வளையத்தில் மஞ்சள் இரண்டே நாளில் ஏறும். மீன்குழம்பு தினமும் கொதிக்கும் வீட்டில் அடுத்த வருகைவரை மஞ்சள் பற்களோடுதான் இருக்க வேண்டும்.

எலும்புக்கு இதனால் தனி நன்மையோ தீமையோ இல்லை. கவனிக்க வேண்டியது எனாமலை. செராமிக் எனாமலைவிடக் கடினம். மேல்பல் கீழ்பல்லை ஆழமாக மூடும் கடி உள்ளவருக்குக் கீழ்வரிசையில் செராமிக் ஒட்டினால் மேல்பல்லின் முனை தேயும். கழற்றும்போது பிராக்கெட் உடைந்து, அரிதாக எனாமலும் பெயரலாம். மேல்வரிசைக்குச் செராமிக், கீழ்வரிசைக்கு உலோகம் என்று கலந்து போடுவது பல நேரம் புத்திசாலித்தனம். காசும் மிச்சம்.

## அலைனர்

அமெரிக்காவில் 1997-ல் தொடங்கிய அலைன் டெக்னாலஜி நிறுவனம்தான் இன்விசலைன் என்ற அலைனரைக் கொண்டுவந்தது. அதன் முக்கியக் காப்புரிமைகள் பல 2017-ல் காலாவதியாயின. இன்று இத்தனை பெயர்களில் அலைனர் விற்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

வாயை ஸ்கேன் செய்து, கடைசி நிலையைக் கணினியில் வரைந்து, இடைப்பட்ட தூரத்தைச் சின்னச் சின்னப் படிகளாக வெட்டுகிறார்கள். ஒரு தகடு பல்லை ஏறக்குறைய 0.25 மி.மீ. மட்டும் நகர்த்தும், 7 முதல் 14 நாளில் அடுத்தது. 30 தகடு, தலா 10 நாள் என்றால் 300 நாள். பிளாஸ்டிக் தனியாகப் பிடிக்காது என்பதால் சில பற்களில் பல் நிறத்தில் சிறு புடைப்பு ஒட்டுவார்கள். அட்டாச்மெண்ட் என்பது அதுதான். கண்ணுக்கே தெரியாது என்ற விளம்பரத்தை அங்கேயே கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.

22 மணி நேரம் என்றால் என்ன. மீதி இரண்டு மணி நேரம்தான் உங்களுடையது. காலைச் சாப்பாடு 20 நிமிடம், மதியம் 30, இரவு 30, இரண்டு சாயாவுக்கு 20, மூன்று முறை பல் தேய்க்க 15. கூட்டினால் 115 நிமிடம். நாலு மணிக்குப் பேச்சும் சிப்ஸுமாக உட்கார்ந்தால் அன்றைய கணக்கு போச்சு. சூடான சாயாவைத் தகட்டோடு குடிக்கவே கூடாது. பிளாஸ்டிக் நெளியும், கறை ஏறும். அதைவிட மோசம், சர்க்கரை தகட்டுக்கும் பல்லுக்கும் நடுவே தங்கிவிடும். எச்சில் போய்க் கழுவ வழியிருக்காது. தகட்டோடு குடிக்கலாம் என்றால் அது வெறும் தண்ணீர்தான்.

போடாமல் விட்டால். தகடு முன்பல் முனையில் முழுவதும் படியாமல் மெல்லிய வெளிச்ச இடைவெளி தெரியும். பல் பின்தங்கிவிட்டது என்று அர்த்தம். அதைக் கவனிக்காமல் அடுத்த தகட்டுக்குத் தாவினால் இடைவெளி கூடிக்கொண்டே போகும். பகலில் கழற்றி இரவில் மட்டும் போடுபவரின் பல் முன்னும் பின்னும் ஆட்டப்படுகிறது. எலும்பு ஒரு பக்கம் கரைந்து மறுபக்கம் படிவதற்குள் திசை மாறினால் பல் தளரும். இடைவெளி தெரிந்தால் மென்மையான சூயீ உருளையைப் பல் பல்லாக வைத்துக் கடித்துத் தகட்டை உட்கார வையுங்கள். இரண்டு நாளில் சரியாகாவிட்டால் மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

எங்கே தடுமாறுகிறது. திரையில் காட்டிய அசைவில் எவ்வளவு வாயில் நடந்தது என்று அளந்த ஆய்வுகளில் 2009-ல் சராசரி 41 சதவீதம், 2020-ல் 50 சதவீதம். ஆகவே முதல் கட்டுத் தகடுகளோடு முடிவது அபூர்வம். மறு ஸ்கேன் எடுத்துக் கூடுதல் தகடு செய்வதை ரிஃபைன்மென்ட் என்பார்கள். அதை விதிவிலக்காக நினைக்காதீர்கள். கோரைப்பல்லையும் உருண்ட முன்கடைவாய்ப் பல்லையும் திருப்புவது, பல்லைக் கீழே இழுப்பது, வேரைத் திருப்புவது ஆகிய மூன்றும் இதற்குக் கஷ்டம்.

கடைவாய் தொடாமல் போவது. தகடு கடிக்கும் பரப்பையும் மூடுவதால், பல மாதம் அதன்மேலேயே கடித்துக் கடித்துக் கடைவாய்ப்பற்கள் கொஞ்சம் உள்ளே அமுங்கும். கழற்றியதும் முன்பல் தொடும், கடைவாய் தொடாது. பல நேரம் தானாகச் சரியாகும், சில நேரம் கூடுதல் சிகிச்சை வேண்டியிருக்கும். முன்பற்கள் ஒன்றையொன்று தொடாமல் லேசாகத் திறந்த கடி உள்ளவர்களுக்கு இதே குணம் சாதகமாக அமைகிறது.

எலும்பு இல்லாத திரை. நெருக்கமான பற்களைப் பல் எடுக்காமல் வரிசைப்படுத்த மூன்று வழி: பல்வரிசையின் வளைவை விரிப்பது, முன்பற்களை வெளியே சாய்ப்பது, பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே எனாமலைச் சீவுவது. சீவுவதற்கு எல்லை உண்டு, ஓர் இடைவெளியில் அதிகபட்சம் சுமார் 0.5 மி.மீ. கீழ்க் கோரைப்பல்லிலிருந்து மறு கோரைப்பல்வரை ஐந்து இடைவெளி, ஆக 2.5 மி.மீ. சீவிய எனாமல் திரும்ப வளராது. மீதி இடத்துக்குப் பற்கள் வெளியேதான் போக வேண்டும். கீழ் முன்பற்களுக்கு வெளிப்பக்க எலும்பு பலருக்கு 1 மி.மீ.கூட இருக்காது. கணினித் திரையில் காட்டும் அசைபடத்தில் பற்கள் இளஞ்சிவப்பு ஈறில் வழுக்கிக்கொண்டு போகும். பெரும்பாலானவற்றில் எலும்பு காட்டப்படாது. பார்த்து மயங்க வேண்டாம். "இந்தப் பல் வெளியே எத்தனை மி.மீ. போகுது, அங்க எலும்பு இருக்கா?" என்று கேளுங்கள்.

## ஈறு நோய் உள்ளவர்கள்

நாற்பது தாண்டி, முன்பற்கள் விசிறிபோல் விலகுகின்றன என்று வருபவர்களில் பலருக்கு எலும்பு ஏற்கெனவே இறங்கியிருக்கும். வெற்றிலை, புகையிலை, கட்டுப்படாத சர்க்கரை எல்லாம் அதைக் கூட்டும். வீங்கி ரத்தம் வடியும் ஈறோடு பல்லை நகர்த்தினால், எது போட்டாலும் எலும்பு இன்னும் வேகமாகப் போகும். ஈறு சிகிச்சை முடிந்து, ரத்தக் கசிவு நின்று, சில மாதம் அப்படியே நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் தொடங்க வேண்டும். அதன்பின் கழற்றித் தேய்க்கலாம் என்பதால் அலைனருக்கு ஒரு புள்ளி கூடுதல். எலும்பு தேய்மானத்துக்கு மாத்திரையோ வருடம் ஒருமுறை ஊசியோ போடுபவர்கள் அதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். பிஸ்பாஸ்போனேட் வகை மருந்து எலும்பு கரைவதையே மட்டுப்படுத்துவதால் பல் நகர்வதும் மந்தமாகும், பல் எடுத்தால் புண் ஆறாத ஆபத்தும் உண்டு.

## தபாலில் வரும் அலைனர்

வீட்டிலேயே அச்செடுத்து அனுப்பு, தகடு வீட்டுக்கு வரும் என்ற முறையில் எக்ஸ்ரே இல்லாமலேயே வேலை தொடங்கிவிடலாம். எலும்பையும் வேரையும் பார்க்காமல் பல்லைத் தள்ளுவது எப்படி என்று எங்களுக்குப் புரியவில்லை. அமெரிக்காவில் இந்த வியாபாரத்தில் பெரிய பெயரான ஸ்மைல் டைரக்ட் கிளப் 2023 செப்டம்பரில் திவால் மனு கொடுத்து டிசம்பரில் மூடியது. பாதி வழியில் நின்றவர்கள் வேறு மருத்துவரைத் தேட வேண்டியதாயிற்று. இது எந்தச் சூழலுக்குப் பொருந்தும் என்று ஒரு பத்தி எழுதலாமென்றால் எழுத ஒன்றும் இல்லை.

## விலைப்பட்டியலில் வராத செலவு

ஓபிஜி (இரு தாடைகளையும் எல்லாப் பற்களையும் ஒரே படத்தில் காட்டும் எக்ஸ்ரே), பக்கவாட்டு எக்ஸ்ரே, பல் சுத்தம், சொத்தை அடைப்பு, ஞானப்பல் எடுப்பது எல்லாம் பெரும்பாலும் தனி. கம்பிக்குப் பயணச் செலவைக் கணக்கில் எடுங்கள். 18 மாதம் என்றால் ஏறக்குறைய 18 வருகை, பிராக்கெட் பெயரும் நாட்கள் தனி. ஆறுகாணியிலிருந்தோ பத்துகாணியிலிருந்தோ நாகர்கோவில் வருபவருக்கு ஒவ்வொன்றும் ஒருநாள் சம்பளம்.

அலைனருக்கு ரிஃபைன்மென்ட் எத்தனை முறை இலவசம், தொலைந்த தகட்டுக்கு எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். தொலைவது பெரும்பாலும் கல்யாண வீட்டுப் பந்தியில். தகட்டைக் கழற்றி டிஷ்யூ பேப்பரில் சுருட்டி இலையோரம் வைப்பார்கள். பாயசத்தில் பப்படமும் பழமும் பிசைந்து முடிப்பதற்குள் பேச்சு வேறு பக்கம் போகும். இலையை மடக்கும்போது தகடும் உள்ளே. பெட்டி சட்டைப்பையில் இருக்கட்டும். மாதத் தவணையில் எடுத்தால், சிகிச்சை நின்றாலும் தவணை நிற்காது.

பிறகு ரிட்டெய்னர், அதாவது நகர்ந்த பல்லைப் புது இடத்திலேயே பிடித்து வைக்கும் கருவி. ஈறு நார்கள் புது இடத்துக்குப் பழக ஒரு வருடம்வரை ஆகும், அதுவரை பல்லைப் பழைய இடத்துக்கே இழுக்கும். முதல் சில மாதம் முழுநேரமும், பிறகு இரவிலும் போட வேண்டும், வருடக்கணக்கில். பிளாஸ்டிக் ரிட்டெய்னர் தேயும், விரியும், மாற்ற வேண்டும். இது மூன்று வகைச் சிகிச்சைக்கும் பொது.

## யாருக்கு எது

*எட்டாம் வகுப்புப் பிள்ளை, பற்கள் நெருக்கம், பல் எடுக்க வேண்டும்:* உலோகக் கம்பி. கழற்றி வைக்க வாய்ப்பில்லை என்பதே இதன் பலம்.

*வளைகுடாவில் வேலை, 45 நாள் விடுப்பு:* லேசான கேஸ் என்றால் அலைனர். ஆனால் புடைப்பு ஒட்டுவதும் எனாமல் சீவுவதும் நேரில்தான் நடக்கும். அங்கேயே அதே நிறுவனத் தகடுகளைப் பார்க்கும் மருத்துவர் இருக்கிறாரா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். கம்பியைப் போட்டுக்கொண்டு விமானம் ஏறுவதுதான் பெரிய தவறு. செலுத்திய விசையைப் பார்த்துக் கட்டுப்படுத்த ஆளிருக்காது.

*தூத்தூர், வள்ளவிளைப் பக்கம் ஆழ்கடல் தொழில்:* வாரக்கணக்கில் கரை காணாதபோது பெயர்ந்த பிராக்கெட்டுக்கு வழியில்லை. அலைனர் சரிவரும், ஆனால் அடுத்த இரண்டு செட்டும் முந்தைய தகடும் கையோடு வேண்டும். படகில் நல்ல தண்ணீர் அளந்துதான் கிடைக்கும்; ஒரு டம்ளர் போதும், பிரஷால் தேய்த்துக் கழுவலாம். வெந்நீரில் முக்க வேண்டாம்.

*ஆறு மாதத்தில் கல்யாணம்:* முன்பல் ஒன்றிரண்டு லேசாகக் கோணியிருந்தால் அலைனரில் முடியலாம். பல் எடுக்கும் கேஸை ஆறு மாதத்தில் முடித்துத் தருகிறோம் என்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

*கையில் காசு குறைவு:* குலசேகரத்தில் ஸ்ரீ மூகாம்பிகா பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. எல்லை தாண்டினால் திருவனந்தபுரத்தில் அரசு பல் மருத்துவக் கல்லூரி. நேரம் கூடுதலாக ஒதுக்க வேண்டும்.

## முதல் நாள் கேட்க வேண்டியவை

செய்பவர் பல்சீரமைப்பில் எம்.டி.எஸ். என்ற மேற்படிப்பு முடித்தவரா? எக்ஸ்ரே பார்த்துத்தான் திட்டம் போட்டாரா? ஈறின் ஆழத்தை அளந்தாரா? பல் எடுக்காவிட்டால் இடம் எங்கிருந்து வருகிறது? தொடங்கி ஆறேழு மாதத்தில் வேரைப் பார்க்க மறுபடி எக்ஸ்ரே எடுப்பாரா? அப்போது வேர் குறுகியிருந்தால் இரண்டு மூன்று மாதம் விசையை நிறுத்தி வைப்பது வழக்கம். அதைச் சிகிச்சை தோல்வி என்று எண்ணிக் கிளினிக் மாற்ற வேண்டாம். முதல் நாள் எடுத்த ஓபிஜியின் நகலைக் கேட்டு வாங்கி வையுங்கள். ஆறு மாதம் கழித்து எடுக்கும் படத்தை ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும்.